இரவுப் பசிக்குப் பால்பவுடரை மாற்றலாமா?



ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று இந்தத் தொழிற்சாலைப் பகுதி முழுக்க, கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் வருகிற கேள்வி இது: "ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை எழுந்து அழுவுது. இந்தப் பவுடர் பத்தலையோ? ரெண்டாம் நம்பர் டப்பாவுக்கு மாத்திடலாமா?"

கேட்கும் அம்மா விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர். அவர் தூக்கமும் முக்கியம்தான். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டப்பாவை மாற்றுவதா வேண்டாமா என்பதைக் குழந்தையின் தூக்கத்தை வைத்து முடிவு செய்யாதீங்க. எடையை வைத்து முடிவு செய்யுங்க.

சின்னக் குழந்தை இரவில் பாலுக்கு எழுவது நோய் இல்லை. வயிறு சிறியது, வளர்ச்சி வேகமானது. தாய்ப்பால் குடிக்கும் பச்சிளங்குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும். மூன்றாவது வாரம், ஆறாவது வாரம், மூன்றாவது மாதம் ஆகிய சமயங்களில் சில நாள் கூடுதலாகக் கேட்கும். பிறகு தானாகவே அடங்கும். அந்தச் சில நாளில் டப்பாவை மாற்றினால், "புது பவுடர்தான் சரியாக்கிச்சு" என்று நினைத்துக்கொள்வோம்.

மாற்றுவதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பாருங்க.

ஒன்று, சிறுநீர். முதல் வாரத்துக்குப் பிறகு, ஒரு நாளைக்கு 6 தடவை அல்லது அதற்கு மேல் போனால் பால் உள்ளே போகிறது என்று பொருள்.

இரண்டு, எடை. முதல் மூன்று மாதத்தில் குழந்தை வாரத்துக்குச் சுமார் 150 முதல் 200 கிராம் ஏறும். அதற்குப் பிறகு வேகம் கொஞ்சம் குறையும். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இலவசமாக எடை பார்த்து அட்டையில் குறித்துத் தருவார்கள். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது எடையையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்க.

மூன்று, அளவு. பவுடர் பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 மில்லி தேவை. 5 கிலோ குழந்தைக்கு 750 மில்லி. பகலில் பார்த்துக்கொள்பவர் 350 மில்லிதான் கொடுத்தார் என்றால், மீதி 400 மில்லியைக் குழந்தை ராத்திரியில்தான் கேட்கும். அதில் பவுடரின் குற்றம் எதுவும் இல்லை. இரண்டு நாள் எத்தனை மணிக்கு எத்தனை மில்லி என்று போனில் குறித்து வையுங்க. பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி. 750 மில்லிக்கு 25 கரண்டி. அப்படிச் சரியாகக் கலந்தால் 400 கிராம் டப்பா நான்கு நாள்கூட வராது. உங்கள் வீட்டில் அதே டப்பா பத்து நாள் வருகிறதா? அப்படியென்றால் பால் நீர்த்துப் போகிறது. விலைவாசியில் ஒரு கரண்டியைக் குறைக்கத் தோன்றுவது புரிகிறது. ஆனால் நீர்த்த பாலில் வயிறு நிரம்பும், பசி அடங்காது, எடை ஏறாது. கட்டுப்படியாகவில்லை என்றால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்க. தாய்ப்பாலை மறுபடி கூட்ட வழி உண்டு; அதற்கு அவர் உதவுவார்.

இதற்கு நேர்மாறாக, "கெட்டியாக் கலந்தா நல்லாத் தூங்கும்" என்று ஒரு கரண்டி கூட்டிப் போடுவதும் ஆபத்து. மலச்சிக்கல் வரும், உடம்பில் உப்பு கூடும், நீர் குறையும். பாட்டிலில் பிஸ்கட், கேழ்வரகுக் கூழ், சத்துமாவு கரைத்து ஊற்றுவதும் ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், தேன், வசம்பு எதுவும் வேண்டாம்.

இப்போது நம் பகுதிக்கே உரிய ஒரு காரணம். மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டால், மீதி 18 வாரம்தான். அதாவது குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்ததுமே அம்மா வேலைக்குத் திரும்புகிறார். அந்த வயதில் குழந்தையின் தூக்க முறையும் மாறும். பகல் முழுக்க அம்மா இல்லாத குழந்தை, இரவில் அம்மாவை ஒட்டிக்கொண்டு அதிகம் குடிக்கும். பலர் இதைப் "பசி அடங்கல" என்று எண்ணி டப்பாவை மாற்றுகிறார்கள். அம்மாவிடம் பால் இருந்தால், அந்த இரவுப் பாலைத் தொடர்வதே நல்லது. பாலைச் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். இரவுப் பாலை நிறுத்தினால் பகல் பாலும் குறையும்.

ஷிப்ட் நேரத்துக்குத் தாய்ப்பாலைச் சுத்தமான கிண்ணத்தில் பீய்ச்சி, மூடி, பிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். பாட்டிலைவிடப் பாலாடையில் கொடுப்பது சுத்தம். சட்டப்படி உங்களுக்கு உரிமைகளும் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை அங்கே போய் வரலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர் என்பதால் இது இல்லை என்று ஆகிவிடாது. எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்க.

சரி, இரண்டாம் எண் டப்பா? அது ஆறு மாதத்துக்குப் பிறகு என்று டப்பாவிலேயே இருக்கும். அதற்கு முன் கொடுத்தால் சிறுநீரகத்துக்குத்தான் சுமை. ஆறு மாதத்துக்குப் பிறகும் அது கட்டாயம் இல்லை. அந்த வயதில் தேவை மசித்த சோறு, பருப்பு, காய்தான். ஒரே எண்ணில் பிராண்டை மட்டும் மாற்றுவதால் பெரிய கெடுதலும் இல்லை, இரவுப் பசியும் தீராது. லாக்டோஸ் இல்லாதது, சோயா போன்றவை மருத்துவர் எழுதினால் மட்டுமே.

"இதைக் குடுத்தா ராத்திரி பூரா தூங்கும்" என்று யாராவது சொன்னால் கவனமாக இருங்க. 1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட மத்திய அரசுச் சட்டப்படி, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால்பவுடரை விளம்பரம் செய்யக் கூடாது. இலவச சாம்பிள் கொடுக்கக் கூடாது. டப்பாவில் குழந்தைப் படம் போடக் கூடாது. விதிகள் இவ்வளவு கடுமையாக இருப்பது, தூக்கமில்லாத பெற்றோரிடம் எதையும் விற்றுவிட முடியும் என்பதால்தான்.

கலக்கும் முறை. கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ, கொதிக்க வைத்தே ஆக வேண்டும். இறக்கிய அரை மணி நேரத்துக்குள், சூடு இருக்கும்போதே பவுடரைக் கலக்குங்க. பவுடரிலும் கிருமி இருக்கலாம். முதலில் தண்ணீர், பிறகு தலை தட்டிய கரண்டி. ஆறவைத்து, மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்துக் கொடுங்க. இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காததைக் கொட்டிவிடுங்க. ராத்திரிக்கு என்று முன்கூட்டியே கலந்து தலைமாட்டில் வைக்காதீங்க.

எடை ஏறவில்லை, மலத்தில் ரத்தம், ஓயாத வாந்தி, உடம்பில் தடிப்பு என்றால் பவுடரை மாற்றும் பேச்சை மருத்துவரிடம் தொடங்குங்க. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, பச்சை வாந்தி, மூச்சு வாங்குவது, உச்சிக்குழி குழிவது என்றால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே 108. சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104, இரவிலும் பேசலாம்.

வரும் புதன்கிழமை தடுப்பூசி நாள். அட்டையை எடுத்துக்கொண்டு போய் எடை பாருங்க. கோடு ஏறியிருந்தால், டப்பா அப்படியே இருக்கட்டும். ராத்திரி ஒரு முறை அப்பா எழுந்து பால் கலந்து கொடுக்கட்டும்.