டிராகன் கோட்டையில் தமிழுக்கு இடமுண்டா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளும் வீடியோ விளையாட்டும் என்று தலைப்புக் கொடுத்தாலே பேச்சு எந்தத் திசையில் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். கண் கெடும், படிப்பு கெடும், காசு கரையும். இவை மூன்றும் பொய்யல்ல. விளையாட்டில் கட்டுப்பாடு இழந்து போவதை ஒரு நோயாகவே உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2019-இல் ஏற்கப்பட்ட அந்தப் பட்டியல் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே எச்சரிக்கை தேவைதான்.

ஆனால் இன்று பேச வேண்டியது வேறொன்று. யாரும் சொல்லாமலே, யாரும் அடிக்காமலே ஒரு பிள்ளை ஆசையோடு போய் உட்காரும் இடம் அந்தத் திரை. அந்த இடத்தில் ஆங்கிலம் இருக்கிறது, ஜப்பானிய மொழி இருக்கிறது, சீனம் இருக்கிறது. தமிழை மட்டும் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏன்? இதற்கு விடை தேட ஒரே ஒரு பழைய விளையாட்டை எடுத்துக்கொள்வோம்.

அப்பாவின் பெட்டியும் பிள்ளையின் கைப்பேசியும்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளில் இன்று நாற்பது வயதைத் தாண்டிய அப்பாமார்களிடம் 'மைக்ரோ ஜீனியஸ்' என்று சொல்லிப் பாருங்கள். பலருக்கு முகம் மலரும். தைவானிலிருந்து வந்த அந்தச் சின்னப் பெட்டியைத் தொலைக்காட்சியில் மாட்டி, அண்ணன் தம்பி அடித்துக்கொண்டு விளையாடிய காலம் அது. அந்தப் பெட்டிகள் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. ஆனால் அந்தக் காலத்து விளையாட்டுகள் போகவில்லை. புதிய கருவிகளிலும் கைப்பேசியிலும் அவை திரும்பி வருகின்றன. அப்பா பிறந்த காலத்து விளையாட்டை மகன் இன்று புதிதாகக் கண்டுபிடிக்கிறான்.

அப்படித் திரும்பி வந்த ஒன்றுதான் 'வொண்டர் பாய்: தி டிராகன்ஸ் டிராப்'. ஜப்பானின் வெஸ்டோன் நிறுவனத்தில் ரியுய்ச்சி நிஷிசாவா உருவாக்கியது. 1989-இல் சேகா மாஸ்டர் சிஸ்டம் என்ற கருவிக்கு வெளியானது. தாவுவது, ஓடுவது, வாள் வீசுவது என்று பார்த்தால் சாதாரணச் சாகச விளையாட்டுத்தான். ஆனால் அதற்குள் இன்னொன்றும் உண்டு. எதிரியை வீழ்த்தினால் காசு கிடைக்கும். அந்தக் காசைச் சேர்த்துத்தான் வாளும் கேடயமும் கவசமும் வாங்க வேண்டும். எதை முதலில் வாங்குவது, எதைப் பிறகு வாங்குவது என்பதை விளையாடுகிறவனே முடிவு செய்ய வேண்டும்.

வெற்றியே சாபமாகும் கதை

இதன் கதையைக் கேளுங்கள். பொதுவாக டிராகனைக் கொல்வதோடு கதை முடியும். இங்கே அங்கிருந்துதான் தொடங்குகிறது. வீரன் முதல் டிராகனை வெல்கிறான். உடனே சாபம் பிடிக்கிறது. மனிதன் நெருப்பு உமிழும் பல்லியாகிவிடுகிறான். இழந்த மனித உருவத்தைத் தேடிப் புறப்படுகிறான். அடுத்தடுத்த டிராகன்களை வெல்லும்போது எலியாகிறான், மீனாகிறான், சிங்கமாகிறான், பருந்தாகிறான். விக்கிரமாதித்தன் கதையில் கூடுவிட்டுக் கூடு பாய்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகவே தோன்றாது.

ஒவ்வோர் உருவத்துக்கும் ஒரு பலமும் ஒரு குறையும் உண்டு. எலி மிகச் சிறியது. ஆனால் குறுகிய சந்துக்குள் நுழையும், சில சுவர்களில் ஒட்டிக்கொண்டு ஏறும். மீன் நீரில் நீந்தும். பருந்து பறக்கும், ஆனால் தண்ணீர் பட்டால் துன்பப்படும். நேற்றுப் போக முடியாத இடத்துக்கு இன்று போகலாம். நடுவில் ஒரு கிராமம், அதிலிருந்து பிரியும் பாதைகள். இப்படிப் போ, அப்படிப் போ என்று அம்புக்குறி காட்ட யாரும் இல்லை. வழியை நினைவில் வைக்க வேண்டும். தோற்றால் மறுபடியும் கிராமத்திலிருந்தே நடக்க வேண்டும். பொறுமை, நினைவு, சிக்கனம் ஆகிய மூன்றையும் இந்த விளையாட்டு கேட்கிறது. இன்னொரு நல்ல குணமும் உண்டு. இதற்கு ஒரு முடிவு இருக்கிறது. சில மணி நேரத்தில் முடித்துவிடலாம். இன்னும் பணம் கட்டு, இன்னும் பணம் கட்டு என்று நச்சரிக்காது.

1989-இன் ரகசியச் சொல்

இந்த விளையாட்டு மறுபிறவி எடுத்தது 2017-இல். பிரான்சைச் சேர்ந்த ஓமர் கோர்னூ என்ற நிரலாளரும் பென் ஃபிக்கே என்ற ஓவியரும், நிஷிசாவாவின் இசைவோடு இதைப் புதுப்பித்தார்கள். லிசார்ட்கியூப் என்பது அவர்கள் நிறுவனம். பழைய விளையாட்டின் உள்கட்டமைப்பை வரி வரியாக ஆராய்ந்து, அந்த அடித்தளத்தை மாற்றாமல், அதன்மேல் கையால் வரைந்த ஓவியங்களைப் போர்த்தினார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் புதிய ஓவியம் மறைந்து 1989-இன் கட்டம் கட்டமான படம் வரும். இசையையும் அப்படியே பழையதாக மாற்றலாம். 2019-இல் இது கைப்பேசிக்கும் வந்தது.

இன்னொரு செய்திதான் மனத்தைத் தொடுகிறது. அந்தக் காலத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு ரகசியச் சொல்லைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். அப்படி அன்று எழுதி வைத்த சொல்லை இன்றைய பதிப்பில் போட்டாலும் அது ஏற்றுக்கொள்கிறது! அப்பா பழைய நோட்டில் கிறுக்கியதை மகன் தன் கருவியில் தட்டினால் கதவு திறக்கும். மரபு என்று மேடை போட்டுப் பேசுகிறோமே, இதுவும் மரபுதான்.

பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ரயில்வே காலத்து 'நூறு குவார்ட்டர்ஸ்' வீடுகள் இடிந்து போனதைப் பார்த்தவர்கள் அவர்கள். 1904-இல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமத்தின் நிலத்தில் உயர்மாடி எழுப்பும் திட்டம் 2014-இல் வந்தபோது குரல் கொடுத்தவர்களும் அவர்கள்தான். குரல் கொடுக்க ஆள் இல்லாதது காணாமல் போகும். விளையாட்டுக்கும் அதே கதிதான். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இப்போது கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் ஓர் ஆய்வில் கூறியது.

பிரேசில் செய்த வேலை

இனி தொடக்கக் கேள்விக்கு வருவோம். இதே விளையாட்டை 1990-களில் பிரேசில் என்ன செய்தது தெரியுமா? அங்கே டெக்டாய் என்ற நிறுவனம் சேகாவின் கருவிகளை உள்நாட்டிலேயே தயாரித்து விற்றது. பிள்ளைகள் போர்த்துகீசிய மொழி பேசுகிறவர்கள். ஜப்பானிய வீரனை அவர்களுக்கு யார் என்று தெரியாது. ஆனால் மொனிகா என்ற சுட்டிப் பெண்ணைத் தெரியாத பிரேசில் குழந்தை கிடையாது. மவுரிசியோ டி சோசா தன் மகளின் பெயரை வைத்து 1963-இல் படைத்த சித்திரக்கதைப் பாத்திரம் அது.

டெக்டாய் என்ன செய்தது? வொண்டர் பாய் வரிசையில் முந்திய விளையாட்டை எடுத்து, வீரன் இருந்த இடத்தில் மொனிகாவை நிறுத்தியது. வாளுக்குப் பதிலாக அவள் கையில் எப்போதும் இருக்கும் துணி முயலைக் கொடுத்தது. எழுத்தையெல்லாம் போர்த்துகீசிய மொழிக்கு மாற்றியது. இது 1991-இல். 1993-இல் நாம் பேசிக்கொண்டிருக்கும் 'டிராகன்ஸ் டிராப்' விளையாட்டையும் அதேபோல் மொனிகாவும் நண்பர்களும் வரும் கதையாக்கிவிட்டது. எலும்பும் தசையும் ஜப்பானுடையது. முகமும் மொழியும் பிரேசிலுடையது.

'அவர்களால் முடிந்தது, நம்மால் முடியாதா?' என்று கேட்பது சுலபம். அன்று தமிழுக்கு உண்மையான தடை ஒன்றும் இருந்தது. அந்தப் பழைய விளையாட்டு மொத்தமே 256 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. அன்றைய திரையில் ஓர் எழுத்துக்குக் கிடைத்த இடம் எட்டுக்கு எட்டுப் புள்ளி. ஆங்கில 'ஏ' அதில் அடங்கும். நம்முடைய 'ணை'யும் 'ஞௌ'வும் அடங்குமா? கொம்பு முன்னால், கால் பின்னால் என்று வரும் எழுத்தை அந்தக் கருவிக்குப் புரிய வைப்பதே பெரும்பாடு.

இன்று அந்தச் சாக்கு இல்லை. காசு கொடுக்காமல் யாரும் பயன்படுத்தக்கூடிய 'கோடோ' என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள், 2023-இல் வந்த 4-ஆம் பதிப்பிலிருந்து தமிழ் போன்ற எழுத்துகளையும் முறையாகக் கோத்துக் காட்டுகிறது.

வழி காட்டியவர்கள்

கனடாவின் டொரோண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023-இல் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. வாள் இல்லை, டிராகன் இல்லை. 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்த் தாய், கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் செய்கிறாள். மகனுக்கும் அவளுக்கும் இடையில் மொழி விலகிக்கொண்டே போகிறது. கதை அவ்வளவுதான். ஆனால் 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டு விருது கொடுத்தது.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. ஜப்பானில் 'ஃபைனல் ஃபேண்டசி 15' விளையாட்டில் பணியாற்றிய வான் ஹஸ்மர், மலேசியா திரும்பி மெட்ரோனோமிக் நிறுவனத்தைத் தொடங்கினார். 2020-இல் அவர்கள் வெளியிட்ட 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' விளையாட்டில் ஒரு பாத்திரம் மலாயில் ராப் பாடுகிறது, வாயாங் கூலிட் நிழற்கூத்தும் வருகிறது. உலகம் முழுதும் விளையாடியவர்கள் அதை ரசித்தார்கள். நம் கதையை நம் மொழியில் சொன்னால் யார் வாங்குவார்கள் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?

வீட்டில் செய்யக்கூடியவை

பெற்றோர்களே, மூன்றே மூன்று. முதலாவது, பிள்ளை பழைய விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடித்து வந்தால், பிடுங்குவதற்கு முன் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். நேரத்துக்கு அளவு வையுங்கள், ஆனால் என்ன விளையாடுகிறான் என்று தெரிந்துகொண்டு வையுங்கள்.

இரண்டாவது, அந்தக் கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 'பல்லியா இருந்தியே, எப்படி எலியா மாறினே?' என்று கேட்டுப் பாருங்கள். 'வீட்டில் தமிழ் பேசு' என்று ஆயிரம் முறை சொல்லியும் வராத தமிழ், அந்த ஆர்வத்தில் தானாக வரும். சொல் கிடைக்காமல் திணறினால் எடுத்துக் கொடுங்கள்.

மூன்றாவது ஆசிரியர்களுக்கும் இயக்கங்களுக்கும். கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி வரிசையில் ஒரு விளையாட்டுப் போட்டியும் வையுங்கள். விளையாடும் போட்டி அல்ல, உருவாக்கும் போட்டி. செங்கல் சூளைகளால் பெயர் பெற்றது பிரிக்பீல்ட்ஸ். தண்டவாளம் போட்ட நம் முன்னோரின் உழைப்பும் கிள்ளான் ஆறும் பத்துமலைப் படிகளும் நம்மிடம் இருக்கின்றன. மேடைக்கு மேடை தாவும் விளையாட்டுக்கு 272 படிகளைவிட நல்ல களம் எங்கே கிடைக்கும்?

மொனிகா கையில் துணி முயலோடு டிராகன் கோட்டைக்குள் நுழைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் வீட்டுப் பிள்ளை தமிழ் பேசிக்கொண்டு உள்ளே போவதற்குக் கதவு இப்போது திறந்துதான் இருக்கிறது. யார் அழைத்துப் போவது என்பதுதான் கேள்வி.