நேர்மைக்குப் பிணை யார்?



இணையத்தின் வழியே சூதாட்டம் நடத்தும் நிறுவனங்களை ஆடுவோர் நம்பலாமா என்பது இன்று என்னிடம் விடப்பட்டுள்ள வினா. சூது ஆகுமா ஆகாதா என்ற விவாதத்திற்குள் நான் புகப்போவதில்லை. பாரதக் கதை கேட்டு வளர்ந்த சபைக்கு அதனை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சட்டம் பயின்றவன் என்ற முறையில் நான் கேட்பது வேறு. ஆட்டத்தை நடத்துபவன் தவறிழைத்தால், ஆடியவன் எங்கே சென்று முறையிடுவது?

நாணயமாக நடத்தப்படும் சூதிலும் நிறுவனமே வெல்லும் என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய முறை ரூலட் சில்லில் 37 குழிகள் உள. ஓர் எண்ணின்மீது ஒரு ரூபா வைத்து வென்றவனுக்கு, வைத்த ரூபாவோடு 35 ரூபாவே கிடைக்கும். ஆகவே வைக்கப்படும் ஒவ்வொரு 100 ரூபாவிலும் சராசரியாக 2 ரூபா 70 சதம் நிறுவனத்தைச் சேரும். இது களவு அன்று. யாரும் கணக்கிட்டு அறியக்கூடிய விலை. இவ்வாறு இருந்தபடியே இலாபம் வரும்போது ஏமாற்றவேண்டிய தேவை நிறுவனத்திற்கு ஏது என்று கேட்பார் உளர். வாதம் அழகானது, நடந்தவை அதற்கு இசையவில்லை.

2018 ஆம் ஆண்டு சனவரியில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஒருவர், பெட்பிரெட் நிறுவனத்தின் பிளக்ஜக் சீட்டாட்டத்தைத் தம் கைத்தொலைபேசியில் ஆடிப் பதினேழு இலட்சம் பவுணுக்கு மேல் வென்றார். நிறுவனம் பணத்தைக் கொடுக்க மறுத்தது. மென்பொருளில் பிழை நேர்ந்துவிட்டது. அத்தகைய வெற்றி செல்லாது என்று நிபந்தனைகளில் எழுதப்பட்டிருக்கிறது. அவரும் அதற்கு இணங்கியே ஆடினார் என்று வாதிட்டது. இதைப்பற்றி இனிப் பேசுவதில்லை என உடன்பட்டால் 60,000 பவுண் தருவதாகவும் சொல்லிப் பார்த்தது. அவர் மசியவில்லை. 2021 ஏப்பிரலில் இலண்டன் உயர்நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. அந்த நிபந்தனைகளின் சொற்கள் தெளிவற்றவை; அவை அவருடைய கவனத்திற்கு முறைப்படி கொண்டுவரப்படவுமில்லை என்பது நீதிபதியின் முடிவு.

இவ்வழக்கில் என் நெஞ்சைத் தைப்பது தொகையன்று. இயந்திரம் ஆடுபவனுக்குச் சாதகமாகப் பிழைத்தபோது நிறுவனம் அதனைச் சில நாட்களிற் கண்டுபிடித்துவிட்டது. அதே இயந்திரம் அவனுக்குப் பாதகமாகப் பிழைத்திருந்தால் அதனைக் கண்டுபிடிப்பவர் யார்? பதிவேடு முழுவதும் நிறுவனத்தின் கையில். தோற்றவனிடம் இருப்பதோ தோல்வி ஒன்றே. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகலாகாது என்பது சட்டத்தின் பழைய விதி. இங்கே ஒரே ஆள் எதிரியாகவும் சாட்சியாகவும் நீதிபதியாகவும் அமர்ந்திருக்கிறார்!

அனுமதிப்பத்திரம் இருக்கிறதே என்பீர்கள். அல்டிமேட்பெட் என்ற போக்கர் சீட்டாட்டத் தளத்துக்கும் அது இருந்தது. மற்றவர் கைச்சீட்டை மறைவிலிருந்து பார்க்கும் வழியை மென்பொருளில் வைத்துச் சிலர் அங்கே ஆண்டுக்கணக்காக ஆடினர். அதிகாரிகளுக்கு முன்பே ஐயுற்றவர்கள் ஆட்டக்காரர்கள். ஒரு சிலரின் வெற்றி இயல்புக்கு மிஞ்சியிருப்பதைக் கணக்கிட்டுக் காட்டினர். அனுமதி வழங்கிய கனடாவின் கானவாகே ஆணைக்குழு 2008 இல் 15 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது.

சீட்டு நேர்மையாக இருந்தாலும் போதாது. பணப்பெட்டி வெறுமையாக இருக்கலாம். ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஓல்டர்னித் தீவின் அனுமதியோடு நடந்த புல் டில்ட் போக்கர் நிறுவனம் 2011 மார்ச் இறுதியில் ஆடுவோருக்குக் கொடுக்கவேண்டியிருந்தது ஏறக்குறைய 39 கோடி டொலர். வங்கியில் இருந்ததோ ஏறக்குறைய 6 கோடி. அமெரிக்க அரசு நீதிமன்றத்தில் வைத்த கணக்கு இது. ஆடுவோரின் பணம் உரிமையாளருக்குப் பங்காகச் சென்றிருந்தது என்றும் அரசு குற்றஞ்சாட்டியது. பின்னர் வேறொரு நிறுவனம் அதனை வாங்கியதால் ஆடுவோர் தப்பினர். அமெரிக்க ஆட்டக்காரருக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014 இல்தான்.

பிரித்தானியாவில் இன்று ஒரு விதி உண்டு. நிறுவனம் முறிந்தால் வாடிக்கையாளரின் பணத்திற்குப் பாதுகாப்பு உண்டா, எவ்வளவு என்பதை நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். நல்ல விதிதான். ஆனால் 'பாதுகாப்பு இல்லை' என்று அறிவித்துவிட்டும் ஒரு நிறுவனம் ஆட்டத்தை நடத்தலாம்! வழக்கறிஞன் கட்சிக்காரரின் பணத்தைத் தன் பணத்தோடு கலந்தால் தொழிலையே இழக்க நேரிடும். சூதாட்ட நிறுவனத்திற்கு மட்டும் இச்சலுகை எதற்காக?

ஆதலால் அனுமதி வழங்கும் எந்த அரசிடமும் நாம் கேட்கவேண்டியவை உள. ஆடுவோரின் பணம் தனிக் கணக்கில் பொறுப்புச் சொத்தாக இருக்கவேண்டும். மென்பொருளையும் பதிவேட்டையும் நிறுவனத்தின் சம்பளம் வாங்காத கணக்காய்வாளர் திறந்து பார்க்கவேண்டும். பிணக்கு எழுந்தால், ஆட்டம் ஒழுங்காக நடந்தது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு, பதிவேட்டை வைத்திருப்பவன்மீது சுமத்தப்படவேண்டும். அவ்வழக்கும் ஆடியவன் வாழும் ஊர் நீதிமன்றத்திலேயே கேட்கப்படவேண்டும். எங்கோ ஒரு தீவுக்குக் கடிதம் எழுதிவிட்டு அவன் காத்திருக்கலாகாது.