ஊர் மாறி வருவோர் வீடு பார்க்கும்போது

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



நம் அலுவலகத்துக்குப் படிப்பு உதவி, மருத்துவ உதவி கேட்டு வருபவர்கள் எப்போதும் உண்டு. சமீப காலமாக வேறொரு கேள்வியோடும் ஆட்கள் வருகிறார்கள். "சென்னையை விட்டுத் திருச்சிக்கே வந்துவிடலாம் என்று இருக்கிறோம், எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?" என்று கேட்கிறார்கள். துபாய், குவைத் வேலையை முடித்துக்கொண்டு திரும்புபவர்களும் இதையே கேட்கிறார்கள். இங்கே அமர்ந்திருக்கும் உங்களில் பலரிடமும் அக்கா மகன், மச்சான் என்று யாராவது போனில் கேட்டிருப்பார்கள். நீங்கள் சொல்லும் பதிலை நம்பித்தான் ஒரு குடும்பம் சாமான் ஏற்றப்போகிறது. அதனால் இன்று இதைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம்.

வருபவர்கள் முதலில் சொல்வது, "சின்ன ஊர்தானே, எங்கே இருந்தால் என்ன?" என்பது. அம்பத்தூரிலிருந்து சிறுசேரிக்கு வேலைக்குப் போய்வந்தவருக்குத் திருச்சி உள்ளங்கை மாதிரித்தான் தெரியும். ஆனால் சென்னையில் மின்சார ரயில் இருக்கிறது, மெட்ரோ இருக்கிறது. இங்கே நகருக்குள் போய்வர நகரப் பேருந்து, ஷேர் ஆட்டோ, சொந்த வண்டி இவ்வளவுதான். கிழக்கே துவாக்குடி, தெற்கே பஞ்சப்பூர், வடக்கே காவிரி தாண்டி ஸ்ரீரங்கம், மேற்கே வயலூர் சாலை என்று ஊர் நான்கு பக்கமும் நீண்டுவிட்டது. ஒரு முனையிலிருந்து அதற்கு நேர் எதிர் முனைக்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் இரண்டு பேருந்து மாற வேண்டும். இரவு ஒன்பதுக்கு மேல் பல வழித்தடங்களில் பேருந்து குறைந்துவிடும்.

ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். அத்தாவுக்குத் துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்கூடத்தில் வேலை. வேலை எங்கேயோ அங்கேயே வீடு என்று துவாக்குடியையும் தாண்டி, வாடகை குறைவாகக் கிடைத்த இடத்தில் குடியேறினார்கள். அவர் பத்து நிமிடத்தில் வேலைக்குப் போய்விடுவார். மகளுக்கோ நகரின் மறுகோடியில் உள்ள கல்லூரியில் இடம் கிடைத்தது. காலை ஆறரைக்குக் கிளம்பி, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பேருந்து. மாலையில் திரும்ப மஃரிப் ஆகிவிடும், சில நாள் இஷா. பிரதான சாலையில் இறங்கிய பிறகு வெளிச்சம் இல்லாத பாதையில் முக்கால் கிலோமீட்டர் நடை. மூன்றாவது மாதத்தில் தாயார் நம்மிடம் வந்தார். "படிப்பை நிறுத்திவிடலாம் என்று இவர் சொல்கிறார், நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றார்.

அந்தப் பிள்ளையின் படிப்பில் ஒரு குறையும் இல்லை. மதிப்பெண்ணும் நன்றாக இருந்தது. குறை முழுக்க வீடு இருந்த இடத்தில். அத்தாவை அழைத்துப் பேசினோம். சத்திரத்திலிருந்து துவாக்குடி போகும் பேருந்துகள் காந்தி மார்க்கெட், பால்பண்ணை, அரியமங்கலம், காட்டூர் வழியாக அடிக்கடி ஓடுகின்றன. அந்த வழித்தடத்தில் நகருக்குள் ஒரு வீடு பார்த்தால் மகளுக்கு ஒரே பேருந்து போதும். தினமும் துவாக்குடி வரை போகும் சிரமம் அத்தாவுக்கு. அவர் ஆண்பிள்ளை, வண்டி வைத்திருக்கிறார். வாடகை இரண்டாயிரம் ரூபாய் கூடியது. வீடு மாறினார்கள். அந்தப் பிள்ளை இப்போது இறுதியாண்டு படிக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ்.

இதை வைத்துத்தான் நாம் எல்லோருக்கும் சொல்வது: வேலைக்குப் போகிறவருக்குப் பக்கத்தில் வீடு பார்க்காதீர்கள். வீட்டில் யாருடைய பயணம் மிகவும் சிரமமானதோ அவருக்குப் பக்கத்தில் பாருங்கள். அது பள்ளிக்கூடம் போகும் சின்னப் பிள்ளையாக இருக்கலாம். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் போகும் பாட்டியாராக இருக்கலாம். அவருக்குப் புத்தூர் அரசு மருத்துவமனைக்கு நேர்ப் பேருந்து வேண்டும். வளைகுடாவில் இருக்கும் சில சகோதரர்கள், "ஏர்போர்ட் பக்கமாக வீடு பாருங்கள்" என்று மனைவிக்குச் சொல்கிறார்கள். அவர் வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ விமானம் ஏறுபவர். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தினமும் வெளியே போய்வர வேண்டியது அந்தச் சகோதரி!

வாடகைக் கணக்கைப் பார்ப்போம். ஊருக்கு வெளியே 15 கிலோமீட்டர் தள்ளி வீடு பார்த்தால் வாடகை குறையும், உண்மைதான். போக வர 30 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் 750 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்று வைத்தாலும் 15 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஆயிரத்து ஐந்நூறு. டயர், சர்வீஸ் தனி. ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் என்றால் மாதத்துக்கு 37 மணி நேரத்துக்கு மேல் சாலையிலேயே போகிறது. அதுவும் தஞ்சாவூர் சாலையில் பால்பண்ணை முதல் துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு வேண்டும் என்று அந்தப் பகுதி மக்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். ஏன் போராடுகிறார்கள் என்பதை மாலை நேரத்தில் அந்தச் சாலையில் இரு சக்கர வண்டியில் போய்ப் பார்த்தால் தெரியும்.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2021 மே மாதம் முதல் அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் நம் ஊரில் தனியார் நகரப் பேருந்துகளும் நிறைய ஓடுகின்றன. அவற்றில் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். ஆகவே "பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கிறது" என்று வீட்டுக்காரர் சொன்னால் மட்டும் போதாது. அந்த நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்று, எத்தனை அரசுப் பேருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஊரின் அமைப்பும் மாறிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூலை முதல் வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் பஞ்சப்பூர் புதிய முனையத்துக்குப் போய்விட்டன. மத்தியப் பேருந்து நிலையம் பக்கத்தில் இருக்கிறது என்று அதிக வாடகை கேட்டால், உங்களுக்கு அது எதற்குத் தேவை என்று யோசித்துக்கொள்ளுங்கள். நகரப் பேருந்துக்கு என்றால் சரி. வெளியூருக்கு என்றால் பஞ்சப்பூர் போயாக வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டு, மாதம் நான்கைந்து நாள் சென்னை அலுவலகம் போய்வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சுமார் 330 கிலோமீட்டர். இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியலில் எழும்பூர். அவர்களுக்கு ஜங்ஷன் பக்கம் வசதி. இரவில் ஸ்டேஷனிலிருந்து வீடு வரை ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் சில நேரம் ரயில் டிக்கெட்டை விடக் கூடுதல் என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள்.

ஒரே ஒரு பாலத்தை நம்பி இருக்கும் இடமா என்றும் பாருங்கள். 1976-இல் திறந்த காவிரிப் பாலத்தை 2022 செப்டம்பரில் பராமரிப்புக்காக மூடினார்கள். 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த மாதங்களில் ஸ்ரீரங்கம் பக்கமிருந்து நகருக்குள் வேலைக்கும் பள்ளிக்கும் வந்தவர்களில் பலர் சுற்றித்தான் வந்தார்கள். மழைக்காலத்தைப் பற்றியும் கேளுங்கள். கோரையாறு, குடமுருட்டி கரையோரப் பகுதிகளில் வெயில் காலத்தில் வீடு அழகாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடம் கேளுங்கள்.

இனி நமக்கென்று உள்ள விஷயத்துக்கு வருவோம். பள்ளிவாசல் பாங்கு காதில் விழும் தூரத்தில் வீடு வேண்டும் என்று எல்லோரும் விரும்புகிறார்கள். நல்ல விருப்பம்தான். அதனால் பாலக்கரை, தென்னூர், ஆழ்வார்தோப்பு, காஜாமலை என்று நம்மவர்கள் அதிகம் உள்ள இடங்களிலேயே எல்லோரும் தேடுகிறார்கள். அங்கே இடம் நெருக்கம், வாடகையும் ஏறிவிட்டது. வேறு பகுதிக்குப் போனால் சில தெருக்களில் பெயரைக் கேட்டதும் "வீடு முடிந்துவிட்டது" என்று சொல்லிவிடுகிறார்கள். இதை மறைப்பதில் பயனில்லை, உங்களில் பலர் அனுபவித்திருக்கிறீர்கள். அதே சமயம், பல சமூகத்தவரும் கலந்து வாழும் தெருக்களில் அண்ணன் தம்பியாகப் பழகும் குடும்பங்களையும் நாம் அறிவோம். ஒரு தெருவில் கதவு மூடினால் ஊரே மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பள்ளிவாசல் நடக்கும் தூரத்தில் இல்லாவிட்டாலும், பிள்ளைகள் மாலையில் ஓதப் போய்வர ஒரு மக்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெரியவர்கள் வண்டியில் போய் ஜமாஅத்தில் சேர்ந்துகொள்ளலாம். ஏழு வயதுப் பிள்ளையால் அது முடியாது.

வீடு மாறிய உடனே அந்த மஹல்லா ஜமாஅத்தில் பெயரைப் பதிந்து சந்தா கட்டத் தொடங்கிவிடுங்கள். பழைய மஹல்லாவிலிருந்து ஒரு கடிதமும் வாங்கி வந்துவிடுங்கள். நிக்காஹ் நேரத்தில் இந்தக் கடிதத்துக்காக ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். மய்யித்து விழுந்த வீட்டில், எந்த மையவாடியில் அடக்குவது என்று பேச்சு நடக்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வர வேண்டாம். ரேஷன் அட்டையில் முகவரி மாற்றுவதற்கு இவ்வளவு அவசரமில்லை. தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். ஆனால் பிள்ளையைக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி சிறுபான்மையல்லாத தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடத்தில் சேர்க்க நினைத்தால், வீடு அந்தப் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், முகவரிச் சான்றும் வேண்டும். அப்படியானால் முதலில் பள்ளி, பிறகு வீடு.

இங்கே வீட்டு உரிமையாளர்களும் இருக்கிறீர்கள். உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் வழக்கம் நம்மவர்களிடமும் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுதிக்கொண்டு கூடுதலாக வாங்க வழி இருக்கிறது என்பது தெரியும். வழி இருந்தாலும், வேலை மாறி வரும் குடும்பத்திடம் ஒரு லட்சத்தை ஒரே நாளில் கேட்பது என்ன நியாயம்? அந்தப் பணம் இல்லாததால்தான் அவர்கள் 15 கிலோமீட்டர் தள்ளிப் போகிறார்கள். மொத்தத் தொகை கொடுத்து வாடகையில்லாமல் குடியிருக்கும் ஒத்தி முறையைப் பற்றியும் பலர் கேட்கிறீர்கள். கடன் கொடுத்து அதன் மூலம் பலன் அடைவதாக ஆகிவிடும் என்று உலமாக்கள் எச்சரிக்கிறார்கள். ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு ஹஜ்ரத்திடம் காட்டி, அவர் சொன்ன பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வந்ததும் இடம் வாங்கிவிடலாம் என்று அவசரப்படுபவர்களுக்கு: குறைந்தது 11 மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். "ஏர்போர்ட்டிலிருந்து பதினைந்து நிமிடம்" என்று ப்ளாட் விளம்பரத்தில் போட்டிருப்பது நடுராத்திரி கணக்கு. வேலை நாளில் காலை எட்டரைக்கு அங்கிருந்து கிளம்பிப் பாருங்கள். இஷாவுக்குப் பிறகு உங்கள் வீட்டுப் பெண்களோடு பேருந்தில் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பட்டா, வில்லங்கச் சான்று, மனை அங்கீகாரம் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்த மாதம் முதல் நம் அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைக்கிறோம். உங்கள் தெருவில் வீடு காலியானால் வாடகை, முன்பணம், அருகில் உள்ள பேருந்து நிறுத்தம், மக்தப் எவ்வளவு தூரம் என்ற நான்கையும் எழுதித் தாருங்கள். தரகுக் கட்டணம் எதுவும் இல்லை. புதிதாக வருபவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வந்து பார்க்கலாம். முன்பணத்துக்கு வட்டியில்லாக் கடன் கேட்டு ஏற்கெனவே மூன்று மனுக்கள் வந்துள்ளன. அதை எந்த நிதியிலிருந்து கொடுப்பது என்று நிர்வாகக் குழு அடுத்த வாரம் கூடிப் பேசுகிறது. கருத்துள்ளவர்கள் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

வஸ்ஸலாம்.