எடை குறைந்தவருக்கு ஏன் குளிர்கிறது?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட மருத்துவ விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்)

 

சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் எடையைக் குறையுங்கள் என்று மருத்துவர்கள் கூறுவது நாம் கேட்டுப் பழகிய செய்தி. சொன்னபடி எடையைக் குறைத்தவர்களுக்குப் பின்னர் வருகின்ற ஒரு தொல்லையைப் பற்றி மேடைகளில் எவரும் பேசுவதில்லை. அதுதான் குளிர். சித்திரை வெயிலிலும் கைகால் சில்லிட்டுக் கிடக்கிறது. மின்விசிறிக் காற்று உடம்பில் பட ஒப்பவில்லை. இரவில் இரண்டு போர்வை வேண்டியிருக்கிறது. வீட்டில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கின்றனர். சிலர் தாமாகவே ‘நரம்புத் தளர்ச்சி’ என்று பெயர் சூட்டிக்கொண்டு டானிக் வாங்கிக் குடிக்கின்றனர். வேறு சிலரோ அஞ்சிப்போய், அரும்பாடுபட்டுக் குறைத்த எடையை மீண்டும் ஏற்றிக்கொள்கின்றனர். ஆகவே இன்றைய உரையை இந்த ஒரு பொருளோடு நிறுத்திக்கொள்ள எண்ணினோம்.

முதலில் உடலின் வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சும்மா அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் ஏறக்குறைய 80 முதல் 100 வாட் அளவு வெப்பத்தை வெளிவிடுகிறது. முன்பெல்லாம் நம் வீடுகளில் எரிந்ததே, அந்த 100 வாட் குண்டு பல்பு, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லீரல், மூளை, இதயம், சிறுநீரகம், தசைகள் ஆகியவை உணவை எரிப்பதால் உண்டாகும் சூடு அது. அதைக் கொண்டே உடல் 37 டிகிரி செல்சியஸ் அளவில் தன்னைக் காத்துக்கொள்கிறது. உண்ட உணவைச் செரிப்பதிலும் சிறிது வெப்பம் பிறக்கிறது. நோன்பு நாள்களில் அஸருக்குப் பின் சிலருக்கு உடல் சில்லிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடை குறையும்போது தோலுக்கடியில் இருந்த கொழுப்புப் போர்வை மெலிகிறது. இது எல்லோரும் ஊகிக்கக்கூடியதே. அத்துடன், குறைகின்ற எடை முழுவதும் கொழுப்பு அன்று. பொதுவாக அதில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத் தசை முதலிய கொழுப்பல்லாத பகுதியும் போய்விடுகிறது. போர்வையும் மெலிந்து அடுப்பும் சிறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆயினும் இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உணவு குறைந்தவுடன் உடல் தானாகவே அடுப்பின் தீயைத் தணித்துவிடுகிறது.

இதனை ஐயத்திற்கிடமின்றிக் காட்டிய ஆய்வு இரண்டாம் உலகப் போரின் இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. போரால் பட்டினியில் வாடிய ஐரோப்பிய மக்களுக்கு எவ்வாறு உணவளித்து அவர்களை மீட்பது என்று அறிவதே அதன் நோக்கம். மனச்சான்றின் காரணமாக ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து அதில் பங்கேற்றனர். ஆய்வை நடத்தியவர் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர். 1945 பிப்ரவரி முதல் ஜூலை வரை 24 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 1,570 கலோரி அளவே உணவு தரப்பட்டது. உருளைக்கிழங்கு, ரொட்டி, மாக்கரோனி போன்றவையே பெரும்பாலும் உணவு. வாரத்திற்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. நாடித்துடிப்பு தளர்ந்தது, உடல் வெப்பநிலை தாழ்ந்தது, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 40 விழுக்காடு சரிந்தது. அந்த நாட்டில் ஜூலை மாதம் நடுக்கோடை. அக்கோடையிலும் அவ்விளைஞர்கள் கூடுதல் போர்வை கேட்டனர். அவர்கள் எவருக்கும் நரம்புத் தளர்ச்சி இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆரோக்கியமான ஆண்கள். இந்த ஆய்வின் முடிவுகள் 1950இல் இரண்டு பெரும் தொகுதிகளாக வெளிவந்தன.

1,570 கலோரி என்பதைக் கேட்டுச் சிலர் புருவத்தை உயர்த்துவதைக் காண்கிறோம். உங்களில் பலர் சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கும் உணவுப் பட்டியலில் அதைவிடக் குறைவாகவே எழுதியிருக்கும். அந்த இளைஞர்கள் முன்பே ஒல்லியானவர்கள், நாள்தோறும் நடந்தவர்கள். பருமனான ஒருவருக்கு அதே அளவு அத்தனை கொடுமையாக இராது. ஆனால் உடல் கையாளும் உபாயம் இருவருக்கும் ஒன்றுதான்.

அந்த உபாயம் என்னவென்று பின்னாளில் தெரியவந்தது. கொழுப்புத் திசுவிலிருந்து லெப்டின் என்னும் ஹார்மோன் சுரக்கிறது என்பது 1994இல் கண்டறியப்பட்டது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். இருப்பு கரைகிறது என்று மூளை உணர்ந்துகொண்டு செலவைச் சுருக்கும். தைராய்டு சுரப்பியின் டி4 ஹார்மோன் உடலுக்குள் டி3ஆக மாறினால்தான் முழு வேகத்துடன் வேலை செய்யும். அந்த மாற்றம் குறைக்கப்படுகிறது. கைகால்களின் தோலுக்குச் செல்லும் இரத்தமும் சுருக்கப்படுகிறது. வருமானம் குறைந்த குடும்பத்தலைவர் முதலில் முன்வாசல் விளக்கை அணைப்பதில்லையா? அதைப் போன்றதே இது.

இந்தச் சிக்கனம் எவ்வளவு நாள் நீடிக்கும்? அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைக்கும் போட்டியொன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்து 2016இல் வெளியிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இழந்த எடையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றிருந்தும், ஓய்வு நிலை ஆற்றல் செலவு எதிர்பார்க்கப்பட்ட அளவைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே இருந்தது. சில மாதங்களில் வெறிகொண்டதுபோல் எடையைக் குறைத்தவர்கள் அவர்கள். எல்லோருக்கும் அப்படியே ஆகும் என்று கொள்ள வேண்டியதில்லை. எடை ஓரிடத்தில் நிலைத்து, உணவும் போதிய அளவுக்கு வந்தபின் பலருக்குக் குளிர் தணிந்துவிடுகிறது.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு நற்செய்தியும் உண்டு. பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவக் கண்காணிப்பில் சில மாதங்கள் மிகக் குறைந்த கலோரி உணவை உட்கொண்டு எடை குறைத்த குழுவில் 46 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் மாத்திரையின்றியே சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் நிலையை அடைந்தனர். அந்த உணவுக் காலத்தில் காணப்பட்ட தொல்லைகளுள் மலச்சிக்கல், தலைசுற்றல் ஆகியவற்றோடு குளிர் தாங்காமையும் ஒன்று. குளிர்கிறது என்பதற்காக மட்டும் நல்ல முயற்சியைக் கைவிட வேண்டாம் என்று நாம் சொல்வது இதனால்தான்.

இனி நம் உள்ளத்தை உறுத்துகின்ற பகுதிக்கு வருவோம். இதுவரை கூறியவை யாவும் தாமாக முயன்று எடை குறைத்தவருக்கே பொருந்தும். முயலாமலே எடை குறைந்து, குளிரும் சேர்ந்தால் கதை வேறு. 60 கிலோ எடையுள்ளவர் ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்குள் காரணமின்றி 3 கிலோ இழந்தாலே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கட்டுக்கடங்காத சர்க்கரை, காசநோய், குடல் நோய்கள், புற்றுநோய், மனச்சோர்வு என்று எதுவும் அதன் பின்னணியில் இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமல் ஆகியவை இருப்பின் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், கட்டணம் இல்லை. நடுக்கத்தோடு வந்து காய்ச்சலில் முடியும் குளிர் வேறு, நாள் முழுதும் இலேசாகத் தொடரும் குளிர் வேறு என்பதையும் மருத்துவரிடம் பிரித்துச் சொல்லுங்கள்.

ஆண் மக்கள் வளைகுடா நாடுகளில் இருக்க, வீட்டில் தனித்திருக்கும் உம்மாமார்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்! ஒருவருக்காக எதற்கு உலை வைப்பது என்று காலையில் தேநீரும் ரஸ்க்கும், இரவில் மீந்த சோறும் என்று நாளைக் கழிக்கின்றனர். பல் இல்லாததால் இறைச்சியையும் பயறையும் ஒதுக்குகின்றனர். ஈராண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வரும் மகன், “உம்மா, இளைத்து நல்லா இருக்கீங்க” என்று மகிழ்கிறார். உம்மாவோ மாசி மாதம் போன பின்பும் சால்வையை எடுத்து வைக்கவில்லை. அந்தச் சால்வையை மகன் கவனித்திருக்க வேண்டும்.

குளிர் தாங்காதவர் செய்துகொள்ள வேண்டிய இரத்தப் பரிசோதனைகள் எளியவை: ஹீமோகுளோபின், இரும்புச் சத்து இருப்பு, வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. எடை குறைப்பதற்காகப் பாதி வயிறு உண்ணும் சகோதரிகள் இதை மறக்கலாகாது. இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இரும்பும் பி12உம் சரிவர உறிஞ்சப்படுவதில்லை. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொள்வோருக்கும் பி12 குறையலாம். இரத்த அழுத்தத்திற்காகத் தரப்படும் அடெனலால் வகை மாத்திரைகள் கைகால்களைச் சில்லிட வைக்கும். அதற்காக அவற்றைத் தாமாக நிறுத்திவிடுவது ஆபத்து. 2025 முதல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்துள்ள எடைக் குறைப்பு ஊசிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை பசியையே அடக்கிவிடுவதால் உண்பது மிகவும் குறைந்துபோகிறது. அவ்வூசி போடுவோர் புரதத்தை எண்ணிப் பார்த்து உண்ண வேண்டும்.

தைராய்டு பற்றி ஒரு குறிப்பு. தைராய்டு குறைந்தால் குளிரும். ஆனால் எடை பெரும்பாலும் கூடும். தைராய்டு மிகுந்தால் எடை குறையும். ஆனால் வெக்கை தாங்காது. எடையும் குறைந்து குளிரவும் செய்தால் தைராய்டை மட்டும் குற்றம் சாட்டி நின்றுவிடக் கூடாது. பரிசோதனையின்றிப் பிறருடைய தைராய்டு மாத்திரையை வாங்கி விழுங்குவது இதயத்திற்குக் கேடு.

பரிகாரம் பெரிதாக ஒன்றுமில்லை. வாரத்திற்கு அரை கிலோ அளவில் மெதுவாகக் குறையுங்கள். முட்டை, மீன், பருப்பு, கொண்டைக்கடலை ஆகியவை ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். நடைப்பயிற்சியோடு, மாடிப்படி ஏறுதல், நாற்காலியில் அமர்ந்து எழுதல் போன்று தசைக்கு வேலை தரும் பயிற்சிகளையும் செய்யுங்கள். காலுறையும் உள்சட்டையும் அணிய வெட்கப்பட வேண்டாம். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் வெந்நீர்ப் பையைக் காலில் வைக்கவே கூடாது. தோல் வெந்து புண்ணானாலும் அவர்களுக்குத் தெரியாது. வயதானவர் சில்லிட்டு, பேச்சுக் குழறி, தடுமாறினால் அது சாதாரணக் குளிர் அன்று; உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பள்ளிவாசலில் மின்விசிறிக்காக நடக்கும் மனத்தாங்கலும் நாம் அறிந்ததே. ஒருவர் போடுவார், மற்றொருவர் அணைப்பார். அணைப்பவர் பிடிவாதக்காரர் என்று முடிவு கட்டுவதற்குமுன், அண்மையில் அவர் எடை குறைந்தாரா என்று விசாரியுங்கள். முதல் ஸஃப்பின் ஓர் ஓரத்தில் மட்டும் விசிறியை நிறுத்தி வைப்பதும், மார்கழியில் ஸுபுஹு ஒளுவுக்கு ஒரு குழாயிலாவது வெந்நீர் வரச் செய்வதும் நிர்வாகத்திற்குப் பெருஞ்செலவு ஆகா.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள அறுபது கடந்த பெரியவர்களின் எடையை மாதம் ஒருமுறை பார்த்து, சுவர் நாள்காட்டியில் அந்தந்த மாதத் தாளின் ஓரத்திலேயே எழுதி வாருங்கள். எடைப் பொறி இல்லாதவர்கள் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசும் பிள்ளைகள் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் எல்லா உம்மாவும் “சாப்பிட்டேன் வாப்பா” என்றுதான் சொல்வார்கள். அந்த எண் என்ன என்று கேளுங்கள்.