இறங்குவது சுலபமா?

மலை ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சுலபம் என்று நினைக்கிறோம் இல்லையா? கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் நடந்துவிட்டு வந்தவர்களைக் கேளுங்கள். முழங்காலைத் தடவிக்கொண்டே பதில் சொல்வார்கள்.

அங்கே சமாரியா என்று ஒரு மலையிடுக்கு இருக்கிறது. சுண்ணாம்புக்கல் மலையை மழைநீர் கரைத்து, ஆறு அறுத்து உண்டாக்கிய வழி அது. 1,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் கிளம்பி, கடற்கரை வரை சுமார் 16 கிலோமீட்டர் இறங்க வேண்டும். காலுக்கடியில் உருளுகிற கற்கள். ஓரிடத்தில் இரண்டு பக்கமும் வானுயரப் பாறைச்சுவர். நடுவே இருக்கிற வழி ஏறக்குறைய 4 மீட்டர் அகலம்தான்!

வெளியே வரும்போதும் நுழைவுச்சீட்டைக் காட்ட வேண்டும். ராத்திரி யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற அக்கறை. நடந்து முடித்ததும் பஸ் பிடிக்கலாம் என்றால், அந்தக் கடலோர ஊருக்குச் சாலையே கிடையாது. படகுதான்.

ஒருவர் சொன்னார்: “ஏறும்போது மூச்சு வாங்கியது, தானாக நின்றேன். இறங்கும்போது நிற்கத் தோன்றவில்லை, விழுந்தேன்!”

வாழ்க்கையிலும் அப்படித்தான். ஏறுவதற்குத் தெம்பு போதும். இறங்குவதற்குத்தான் நிதானம் வேண்டும்.