ஒரு துளி இரத்தம்

வன்னிநாட்டின் வாழ்வு அதன் குளங்களிலே தங்கியிருக்கிறது. ஆயினும் நெல்லை விளைவிக்கும் நீரே நோய்க்கும் இடங்கொடுப்பதுண்டு. கோடையிலே கனகராயன் ஆறும் பாலியாறும் வற்றி, ஆங்காங்கே குட்டைகளாய்த் தேங்கும்பொழுது, மலேரியாக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு அவற்றிலே பெருகுகிறது. காடு வெட்டிக் கழனி திருத்திய குடும்பங்களுக்கு இக்காய்ச்சல் நெடுங்காலப் பகையாய் இருந்தது.

இப்பகையை வெல்ல மருந்து தெளித்தல் மாத்திரம் போதுமா? போதாது என்பதை இலங்கை பெருவிலை கொடுத்தே கற்றது. 1934-35ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். பின்னர் டி.டி.ரி. தெளிப்பினால் நோய் குன்றி, 1963இல் நாடு முழுவதிலும் 17 பேரிடமே காணப்பட்டது. நோய் ஒழிந்ததென எண்ணித் தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. விளைவு யாது? 1969இல் நோயுற்றோர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது.

காய்ச்சல்கள் பல, உடற்சூட்டை மாத்திரம் கொண்டு இன்ன நோயெனத் துணிதல் அரிது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தட்டிலே பூசி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கினால் கிருமி புலப்படும். மலேரியாக் கிருமிகளுள் ஒருவகை ஈரலிலே பல மாதங்கள் உறங்கிக் கிடந்து மீண்டும் எழும். காய்ச்சலே இல்லாதவர் உடலிலும் கிருமி இருத்தல் கூடும். ஆதலின், நோயாளர் வைத்தியசாலைக்கு வரும்வரை காத்திராது, நடமாடும் சிகிச்சை நிலையங்கள் ஊர்தோறும் சென்று இரத்தம் சோதித்தன. போர் நடந்த ஆண்டுகளிலும் மருந்துகளும் சோதனைச் சாதனங்களும் போரெல்லையைக் கடந்து வன்னிக்குச் சென்றன. நோய்க்கு எல்லைக்கோடு தெரியாது என்பதை இருபாலாரும் உணர்ந்திருந்தனர்.

இம்முயற்சி பலித்தது. உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

இனிச் சோதனை எதற்கு என்ற வினா எழுவது இயல்பே. ஆயிரம் பேரைச் சோதித்தும் ஒருவரிடமேனும் கிருமி காணப்படாவிடின், அது வீண் செலவெனவே தோன்றும். 1963இன் பின்னரும் அவ்வாறே தோன்றிற்று. ஆனால் நோய் போனதேயன்றி நுளம்பு போகவில்லை. நகரங்களிலும் வாழவல்ல புதியதொரு மலேரியா நுளம்பு 2016இன் இறுதியில் அயலிலுள்ள மன்னாரிலே கண்டுபிடிக்கப்பட்டது. நோயுள்ள நாடுகளிலிருந்து கிருமியைத் தாங்கிவரும் ஒருவரே பலருக்கு நோய் தொற்றக் காரணமாகலாம். 2020இல் கொரோனாத் தொற்று பரவியபொழுதும், அறிகுறியற்றவர் வழியே நோய் பரவுவதை உலகம் கண்டது.

எனவே, மலேரியா உள்ள நாடுகளுக்குச் சென்று திரும்பியவர் காய்ச்சலுற்றால், தம் பயணத்தை வைத்தியரிடம் மறைக்காது கூறுதல் வேண்டும். வைத்தியரும் அதனைக் கேட்டறிதல் வேண்டும். குளத்தில் நீர் குறைந்த காலத்திலும் அணைக்கட்டைக் காப்பவன் வன்னி உழவன். நோயில்லா நாளிற் செய்யும் இரத்தப் பரிசோதனையும் அத்தகைய காவலே.