வண்டியின் முகமும் வாங்கியவர் முகமும்



புனேயிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் சாகண் என்னும் ஊரை அடையலாம். வெங்காயச் சந்தைக்குப் பெயர் பெற்ற இவ்வூரில், மலைமீதன்றிச் சமதரையில் எழுப்பப்பட்ட கோட்டை ஒன்று உண்டு. பார்வைக்கு எளிய அக்கோட்டை, 1660ஆம் ஆண்டில் சாயிஸ்தாகானின் பெரும்படையை ஏறத்தாழ இரண்டு திங்கள் தடுத்து நிறுத்தியது. தோற்றத்தைக் கண்டு அவன் தவறாக அளந்தான் போலும்!

இன்றோ அதே சாகணில், தோற்றத்தையே விலைபேசும் வாணிகம் நடைபெறுகிறது. மகீந்திரா நிறுவனத்தாரின் ஸ்கார்ப்பியோ-என் என்னும் கார் இங்கேதான் உருவாகிறது. உயர்ந்த முன்புறமும், நிமிர்ந்த கம்பிகளும், பருத்த உடலுமாக அது வந்து நிற்கும்போது பக்கத்து வண்டி சற்றே ஒதுங்குகிறது. 2022இல் இது வெளிவந்தபோது, 'பிக் டாடி' என்ற பட்டத்தை நிறுவனத்தாரே விளம்பரத்தில் சூட்டினர்.

காரின் முன்புறத்தில் மனித முகத்தைக் காண்பது நம் இயல்பு. அகன்ற உடலும் இடுங்கிய விளக்குகளும் கொண்ட கார்களை மக்கள் சினமும் ஆதிக்கமும் உடையனவாக மதிப்பிடுகின்றனர் என்று, வியன்னாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். பின்னர் எத்தியோப்பியாவில் கேட்டபோதும் விடை பெரிதும் மாறவில்லையாம். ஆனால் காருக்குச் சொல்லிய குணம் காரோடு நின்றுவிடுகிறதா என்பதே நம் வினா.

நிற்பதில்லை. 2025 நவம்பரில், அரியானா மாநிலக் காவல்துறைத் தலைவராயிருந்த ஓ.பி. சிங், இதே நிறுவனத்தாரின் 'தார்' வண்டியையும் புல்லட் மோட்டார் சைக்கிளையும் குறிப்பிட்டு, போக்கிரிகள் விரும்புவன இவையே என்றும், வண்டித் தேர்வு மனப்போக்கைக் காட்டுகிறது என்றும் செய்தியாளரிடம் கூறினார். சாலையில் வித்தை காட்டும் இளைஞர் இல்லாமலில்லை. அவரது எரிச்சலில் நியாயம் உண்டு. ஆயினும் சோதிக்க வேண்டியது ஓட்டுபவரின் செயலையன்றோ? மிடுக்கை விற்றவர் பணத்தை எண்ணிக்கொண்டு போய்விட்டார். ஐயத்திற்கு விடைசொல்ல நிற்பவர் வாங்கியவர். இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2009இல் வந்த டாட்டா நானோ சாதுவான முகம் உடையது. 'மிக மலிவான கார்' என்ற பெயரே அதற்குப் பகையாயிற்று என்று ரத்தன் டாட்டாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். மலிவு என்ற சொல் வாங்கியவர் மீதும் ஒட்டிக்கொண்டது.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இது புதிதன்று. வாய் திறக்குமுன்பே 'மதராசி' என்று வகுத்துவிடுவோரை நாம் அறிவோம்.

புனேயில் எமக்குத் தெரிந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் உளர். வங்கிக் கணக்கர், அதிர்ந்து பேசாதவர். கோடை விடுமுறையில் தாய் தந்தையரோடு எழுவராக ஊருக்குச் செல்ல மூன்று வரிசை இருக்கை வேண்டுமென்று ஸ்கார்ப்பியோ-என் வாங்கினார். அன்று முதல் குடியிருப்பின் காவலாளி விறைப்பாக நின்று சலாம் வைத்தார். வாயிலில் பேசிக்கொண்டிருந்தோர் பேச்சை நிறுத்தினர். அரசியல் செல்வாக்கு உள்ளவர் என்று வதந்தியும் பரவிற்று. அவருக்கோ கூச்சம் தாளவில்லை. பொங்கலன்று அவர் வேட்டியுடன் அதே காரிலிருந்து இறங்கினார். காவலாளி ஒரு கணம் திகைத்து, பிறகு முகம் மலர்ந்து, "அண்ணா, இன்று இட்லி உண்டா?" என்று கேட்டாராம்.